குழந்தைக்குச் செலுத்திய சர்ஃபாக்டன்ட்டும் அப்பாவின் இரத்தத்தில் கூடிய எஸ்பி-டி புரதமும் ஒன்றுதானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் மகன் 29 வாரத்தில் பிறந்து மூச்சுவிடத் திணறியபோது, மூச்சுக்குழாய் வழியே சர்ஃபாக்டன்ட் என்ற மருந்தைச் செலுத்தியிருக்கிறார்கள். சில மணி நேரத்தில் நிலைமை மாறி, இன்று குழந்தை நலமாக இருக்கிறான். மதுரையிலிருந்து உங்களோடு தங்க ஜப்பானுக்கு வந்த அப்பாவுக்கு 63 வயது. ஆறு மாதமாக விடாத வறட்டு இருமலுக்காக அவரைப் பரிசோதித்ததில் நுரையீரலில் ஃபைப்ரோசிஸ், அதாவது திசு தடித்துத் தழும்பாகும் நோய், இருப்பது தெரிந்திருக்கிறது. கூடவே, எஸ்பி-டி என்ற சர்ஃபாக்டன்ட் புரதம் மில்லிலிட்டருக்கு 110 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது 240 இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நோயா, குழந்தையைக் காப்பாற்றிய மருந்தை அப்பாவுக்கும் கொடுக்கலாமா, இது பரம்பரையாக வருவதா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பொருளில் ஏதோ குறை ஓடுகிறதோ என்பது.

நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன். ஆகவே உங்கள் அண்ணன் மகனைப் பற்றி அனுபவத்திலிருந்து பேச முடியும். பெரியவர்களின் ஃபைப்ரோசிஸ் என் அன்றாடப் பணி அன்று. அதைப் பற்றிச் சொல்வது படித்ததிலிருந்தும், நுரையீரல் மருத்துவத் துறை நண்பர்களுடன் நோயாளிகளைப் பற்றி விவாதித்ததிலிருந்தும் வருவது. அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை என்பதால் அவருக்கு இன்ன நோய் என்று இங்கிருந்து சொல்லவும் மாட்டேன். சுருக்கமான விடை இது: இரண்டும் ஒரே நோய் அல்ல, அந்த மருந்து அப்பாவுக்குப் பயன்படாது, பரம்பரை பற்றிய கேள்வி அப்பாவைப் பொறுத்தவரை நியாயமானது, ஆனால் குழந்தைக்கு நேர்ந்ததை அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஈரமான பாலித்தீன் பையைப் பிரிக்க முயன்றிருப்பீர்கள். உள்ளே இருக்கும் ஒரு படலம் தண்ணீர் இரு பக்கங்களையும் ஒட்டவைத்துவிடும்; காய்ந்த பையை ஊதித் திறப்பது எளிது, நனைந்த பையை ஊதுவது கடினம். நம் நுரையீரலில் ஏறத்தாழ 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம், உட்சுவர் முழுவதும் ஈரம். அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசை, மூச்சை விடும்போதெல்லாம் அறைகளைச் சுருட்டி மூடிவிடப் பார்க்கிறது. 1929-இல் ஃபான் நீயர்கார்ட் என்ற விஞ்ஞானி, நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிட நீர்மத்தால் விரிப்பதற்கு மிகக் குறைந்த அழுத்தமே போதும் என்று காட்டினார். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில்தான் சிக்கல் இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. அந்தப் பரப்பில் ஒரு மெல்லிய படலமாகப் பரவி, மீட்டருக்குச் சுமார் 70 மில்லிநியூட்டன் இருக்க வேண்டிய இழுவிசையை மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் சுழியத்துக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறது சர்ஃபாக்டன்ட். நுண்ணறைச் சுவரில் உள்ள இரண்டாம் வகைச் செல்கள் இதைத் தயாரித்து, வெங்காயம் போல அடுக்கடுக்கான சிறு பொதிகளாக உள்ளே சேமித்து, தேவைக்கேற்ப வெளியே விடுகின்றன. பயன்பட்டு முடிந்ததில் பெரும் பங்கைத் திரும்ப உறிஞ்சி மறுபடி பயன்படுத்திக்கொள்கின்றன. இந்த மறுபயன்பாடு முக்கியமானது. பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

கருவில் இந்த உற்பத்தி 24 வாரம் அளவில் தொடங்கினாலும், 34, 35 வாரம் வரை போதுமான அளவை எட்டுவதில்லை. 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தது இதனால்தான். முதல் மூச்சை இழுக்க எவ்வளவு பாடுபட வேண்டுமோ, அதே பாட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழந்தை படுகிறது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கும். மூச்சை விடும்போது மெல்லிய முனகல் கேட்கும். அந்த முனகல் வலியால் எழுவதன்று. அறைகள் முற்றிலும் மூடிவிடாதபடி, குரல்வளையைப் பாதி அடைத்துக் காற்றைப் பிடித்து வைக்கக் குழந்தை செய்யும் முயற்சி அது. இந்த நோயில் இல்லாதது சர்ஃபாக்டன்ட்தான் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-இல் காட்டினார்கள். ஆனால் 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 34 வாரத்தில் பிறந்து, 39 மணி நேரம் மட்டுமே வாழ்ந்து, இதே நோயால் இறந்தபோது கொடுப்பதற்கு மருந்து இல்லை. 1980-இல் நீங்கள் இப்போது வசிக்கும் ஜப்பானில்தான், அகிதாவில் ஃபுஜிவாராவும் அவருடைய குழுவினரும் மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளுக்குச் செலுத்தி, அது பலிப்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டினார்கள்.

இனி புரதங்களுக்கு வருகிறேன். சர்ஃபாக்டன்ட்டில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொழுப்பு, 10 விழுக்காடு புரதம். இழுவிசையைக் குறைக்கும் வேலையைச் செய்வது முதன்மையாகக் கொழுப்பு. புரதங்கள் நான்கு: எஸ்பி-ஏ, எஸ்பி-பி, எஸ்பி-சி, எஸ்பி-டி. ஒரே பெயரும் அடுத்தடுத்த எழுத்துகளும் இருப்பதால் இவை உடன்பிறப்புகள் என்று தோன்றும்; உங்கள் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. உண்மையில் பி-யும் சி-யும் மிகச் சிறியவை, எண்ணெயில் கரையும் தன்மை கொண்டவை, கொழுப்போடு ஒட்டி வாழ்பவை. ஏ-யும் டி-யும் பெரியவை, நீரில் கரைபவை, நோய் எதிர்ப்பு வேலைக்கானவை. இந்த இரு சோடிகளுக்கும் இடையே உறவு என்று சொல்வதற்கு, பிறந்த இடத்தைத் தவிர அதிகம் இல்லை.

கொழுப்பு மட்டும் போதாதா என்ற கேள்விக்கு மருத்துவமே விடை கண்டது. 1990-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எக்ஸோசர்ஃப் என்ற செயற்கை மருந்தில் புரதமே கிடையாது. அது உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பி-யும் சி-யும் கொண்ட, விலங்கின் நுரையீரலிலிருந்து எடுத்த மருந்துகள் அதைவிட விரைவாக வேலை செய்தன. காரணம், கொழுப்பு தானாகப் பரப்புக்கு வந்து பரவ நெடுநேரம் பிடிக்கும்; கொழுப்பு அடுக்குகளைப் பரப்புக்குள் செலுத்துவதும், மூச்சை விடும்போது நெருக்கித் தள்ளப்பட்டவற்றை அடுத்த மூச்சில் மீண்டும் விரிப்பதும் இந்த இரண்டு சிறிய புரதங்களின் வேலை. உங்கள் அண்ணன் மகனுக்குச் செலுத்தியதும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து எடுத்ததாகவே இருக்கும். எந்த விலங்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு. மறைக்காமல் சொல்லிவிடுவதே சரி என்பது என் கருத்து, சொன்ன பிறகு வேண்டாம் என்று மறுத்தவர்களை நான் சந்தித்ததில்லை. இந்த மருந்துகளைத் தயாரிக்கும்போது கொழுப்பைக் கரைக்கும் கரைப்பான்களைப் பயன்படுத்துவதால், நீரில் கரையும் ஏ-யும் டி-யும் கழிந்து போய்விடுகின்றன. ஆகவே அப்பாவின் இரத்தத்தில் கூடியிருக்கிற எஸ்பி-டி, குழந்தைக்குக் கொடுத்த மருந்தில் இருக்கவே இல்லை.

எஸ்பி-பி பிறவியிலேயே இல்லாமல் போவதும் உண்டு. மிக அரிய இந்த நோய் 1993-இல் விவரிக்கப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும் என்பதால், உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கமுள்ள நம்மிடையே மருத்துவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்தக் குழந்தைகள் மாதம் நிறைந்து, நல்ல எடையோடு பிறப்பார்கள்; சில மணி நேரத்தில் குறைமாதக் குழந்தையைப் போலவே திணறத் தொடங்குவார்கள். சர்ஃபாக்டன்ட் கொடுத்தால் சற்றே தேறுவார்கள், மறுநாள் பழைய நிலைக்கே திரும்புவார்கள். நான் பார்த்த அப்படி ஒரு குழந்தையிடம் மூன்று முறை மருந்து செலுத்தி, மூன்று முறையும் அந்தச் சிறு தேறுதலைக் கண்டு நம்பிக்கை கொண்டோம். மரபணுப் பரிசோதனை முடிவு வந்தபோதுதான் எங்கள் நம்பிக்கைக்கு இடமே இருந்திருக்கவில்லை என்பது புரிந்தது. வெளியிலிருந்து புரதத்தைக் கொடுத்தும் ஏன் பலிக்கவில்லை என்றால், எஸ்பி-பி இல்லாத செல்லால் அந்த அடுக்குப் பொதிகளைக் கட்டவே முடிவதில்லை. சேமிப்பும் இல்லை, மறுபயன்பாடும் இல்லை. கொடுத்த மருந்து தீர்ந்தவுடன் எல்லாம் தீர்ந்தது. நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை இல்லாமல் இவர்கள் பெரும்பாலும் சில மாதங்களைத் தாண்டுவதில்லை. பொதிக்குள் கொழுப்பை ஏற்றிவிடும் ஏபிசிஏ3 என்ற இன்னொரு புரதம் பழுதானாலும் ஏறக்குறைய இதே நிலைதான். அது 2004-இல் கண்டறியப்பட்டது.

உங்கள் அண்ணன் மகன் இவர்களில் ஒருவன் அல்லன் என்று நம்பப் போதுமான காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்தான், மருந்து பலித்தது, பலித்த நிலை நீடித்தது. செல்கள் முதிராமல் இருந்தன. சில நாட்களில் முதிர்ந்து தாங்களே உற்பத்தியை ஏற்றுக்கொண்டன. மருந்து அந்த இடைவெளியைக் கடக்க உதவியது. பிரசவத்துக்கு முன்பு உங்கள் அண்ணிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதற்கும் இதில் பங்கு உண்டு. 1969-இல் நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டிகளிடம் லிக்கின்ஸ் கண்டதும், 1972-இல் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் அவர் நிறுவியதும் அந்த ஊசியின் பயனைத்தான். கருவின் செல்களை அது விரைந்து முதிரச் செய்கிறது.

எஸ்பி-சி வேறு வகையில் நோயை உண்டாக்குகிறது, உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேதான் உயிர்பெறுகிறது. முழுமையடைந்த எஸ்பி-சியில் 35 அமினோ அமிலங்களே உண்டு. ஆனால் செல் அதை முதலில் நீண்ட முன்வடிவமாகச் செய்து, மடித்து, வெட்டித்தான் இறுதி வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்த முன்வடிவம் தவறாக மடிந்து, செல்லுக்குள்ளேயே தேங்கி, செல்லை வாட்டி, காலப்போக்கில் சுற்றிலும் தழும்பை வளர்க்கக்கூடும். இப்படி ஒரு குடும்பத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் நுரையீரல் நோய் வந்ததை 2001-இல் விவரித்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆனால் அதே மாற்றத்தைச் சுமக்கும் ஒருவருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலும், இன்னொருவருக்கு நடுவயதிலும் நோய் தொடங்கலாம், வேறொருவருக்கு வராமலே போகலாம். எஸ்பி-ஏவைத் தரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதாகி, ஃபைப்ரோசிஸும் நுரையீரல் புற்றுநோயும் ஒரே குடும்பத்தில் தொடர்வது 2009-இல் தெரியவந்தது. இவற்றில் எதிலும் பற்றாக்குறை நோயின் மூலமாக இல்லை; கோணிப்போன புரதம் செல்லுக்கு இழைக்கும் கேடுதான் மூலம். வெளியிலிருந்து நல்ல புரதத்தைக் கொண்டுவந்து ஊற்றினால் அந்தக் கேடு நீங்காது.

இப்போது அப்பாவின் எஸ்பி-டிக்கு வருகிறேன். எஸ்பி-ஏ பதினெட்டு இழைகள் சேர்ந்த பூங்கொத்தைப் போலவும், எஸ்பி-டி பன்னிரண்டு இழைகள் சேர்ந்த சிலுவையைப் போலவும் அமைந்தவை. இவற்றின் நுனிகள் கிருமிகளின் மேல்தோலில் உள்ள சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டு, அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, விழுங்கு செல்களிடம் ஒப்படைக்கின்றன. இன்ஃபுளுவென்சா வைரஸையும் எஸ்பி-டி இப்படிப் பிடிக்கிறது. எஸ்பி-ஏ இல்லாமல் வளர்த்த எலிகள் இயல்பாக மூச்சுவிட்டன, ஆனால் சில பாக்டீரியாக்களை விரட்ட முடியாமல் தவித்தன. எஸ்பி-டி இல்லாத எலிகளில் விழுங்கு செல்கள் கொழுப்பால் உப்பின, சர்ஃபாக்டன்ட் கொழுப்பு தேங்கியது, வயது ஏற ஏற நுண்ணறைச் சுவர்கள் சிதைந்தன. காக்கும் வேலையோடு, வீக்கத்தை அடக்கும் வேலையும் இதற்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. எலியில் கண்ட அளவுக்கு மனிதரிலும் விளைவு உண்டா, இந்தப் புரதத்தை ஆய்வகத்தில் செய்து மருந்தாகக் கொடுத்தால் பயனுண்டா என்பவை இன்னும் ஆராயப்பட்டுவருபவை.

ஆனால் அப்பாவின் பரிசோதனை அளந்தது நுரையீரலில் உள்ள அளவை அன்று, இரத்தத்தில் உள்ள அளவை. எஸ்பி-டி இருக்க வேண்டிய இடம் நுண்ணறையின் ஈரம். சுவர் கெட்டியாக இருந்தால் மிகச் சிறிதளவே இரத்தத்துக்குள் நுழையும். சுவர் அடிபட்டுக் கசியத் தொடங்கினால், அடிபட்ட இடத்தில் இரண்டாம் வகைச் செல்கள் பெருகினால், அளவு உயரும். ஐயம்தீர ஒரு செய்தி சொல்கிறேன்: காரணம் தெரியாத ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், எஸ்பி-டியின் சோடியான எஸ்பி-ஏ குறைவாகவும், இரத்தத்தில் அதிகமாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அணையில் விரிசல் விட்டால் வயலில் தண்ணீர் நிற்பதைப் போலத்தான் இது. வயலில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து அணை நிரம்பியிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஆகவே 240 என்ற எண் நோய்க்குக் காரணம் அன்று, கசிவின் அடையாளம். ஜப்பானில் கேஎல்-6 என்ற இன்னொரு பொருளோடு சேர்த்து இதை வழக்கமாக அளக்கிறார்கள்; மதுரைக்குத் திரும்பினால் இதே பரிசோதனை எளிதில் கிடைக்காமல் போகலாம், அதனால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. நிமோனியாவிலும் இது உயரும், புகைபிடிப்பவர்களிடமும் சற்று உயர்ந்திருக்கும். கூடிக்கொண்டே போனால் நோய் முனைப்பாக இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஒரே ஓர் அளவை வைத்து ஆயுளைக் கணிப்பது தவறு.

பெரியவர்களுக்குச் சர்ஃபாக்டன்ட் கொடுத்துப் பார்க்காமல் இல்லை. நுரையீரல் திடீரெனச் செயலிழந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம், 1996-இல் புரதமில்லாத மருந்தை நுண்துளிகளாகச் செலுத்திப் பார்த்ததில் பயன் இல்லை. 2004-இல் ஆய்வகத்தில் செய்த எஸ்பி-சி கலந்த மருந்தைக் கொடுத்ததில் ஆக்சிஜன் அளவு சிறிது நேரம் கூடியதே தவிர, உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. அவர்களின் நுண்ணறைக்குள் கசியும் இரத்தப் புரதங்கள், கொடுத்த மருந்தையும் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. அப்பாவின் நிலையோ இதனினும் வேறு: அவருடைய சுவர் தடித்துத் தழும்பாகிவிட்டது, படலம் அங்கே முதன்மைச் சிக்கல் அன்று. சர்ஃபாக்டன்ட் மிகுந்தால் நல்லது என்ற எண்ணமும் சரியன்று. 1958-இல் முதலில் விவரிக்கப்பட்ட, நுண்ணறைப் புரதத் தேக்கம் என்று சொல்லத்தக்க ஒரு நோயில், பழைய சர்ஃபாக்டன்ட்டை அள்ளிச் செல்ல வேண்டிய விழுங்கு செல்கள் முடங்கி, அறைகள் அதனாலேயே அடைபட்டு மூச்சுத் திணறும். அந்தச் செல்களை ஊக்குவிக்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற பொருளுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருளை உண்டாக்குவதுதான் பெரும்பாலோரிடம் காரணம் என்பது 1999-இல் தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து, ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றைச் செலுத்தியபடி, மற்றதை லிட்டர் கணக்கில் உப்புநீரால் கழுவினால் பால் போன்ற நீர் வெளியேறும். அங்கே சர்ஃபாக்டன்ட்டை வெளியேற்றுவதே சிகிச்சை.

பரம்பரைக் கேள்விக்கு, அப்பாவின் உடன்பிறந்தவர்கள், அவருடைய பெற்றோர் ஆகியோரில் எவருக்காவது நீண்ட நாள் மூச்சிரைப்பு இருந்ததா, விளக்கமில்லாத நுரையீரல் நோயால் எவராவது இறந்தாரா என்று முதலில் கேட்டறியுங்கள். இரத்த உறவில் இன்னொருவருக்கும் ஃபைப்ரோசிஸ் இருந்தாலோ, ஐம்பது வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தாலோ மரபணு ஆலோசனை கேட்பது பொருத்தம். அப்போதும் பெரியவர்களிடம் முதலில் தேடப்படுவது குரோமோசோம்களின் நுனிகளைக் காக்கும் டெலோமியர் தொடர்பான மரபணுக்கள். சர்ஃபாக்டன்ட் மரபணுக்களின் பங்கு அதைவிடச் சிறியது. எவரும் இல்லையென்றால், பரம்பரையைவிடச் சுற்றுச்சூழலைத் துருவுவது பயன்தரும். 2017-இல் வெளியான இந்தியப் பதிவேடு ஒன்றில், இவ்வகை நுரையீரல் நோய் கொண்ட 1,084 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருந்தது, சுவாசிக்கும் பொருளுக்கு எதிராக நுரையீரல் காட்டும் ஒவ்வாமை அழற்சி. அவர்களில் பலர் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். புறா எச்சம், பூஞ்சை பிடித்த கூலர், ஈரச் சுவர் ஆகியவற்றை மதுரை வீட்டில் அப்பா எவ்வளவு காலம் சுவாசித்தார் என்பதை அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுவலி உண்டா, அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட், நைட்ரோஃபுரன்டோயின் போன்ற மருந்துகளை நெடுநாள் எடுத்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் அகப்பட்டு அதை விலக்க முடிந்தால், அதற்கு ஈடான மருந்து இல்லை. அகப்படாவிட்டால், நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் என்ற இரண்டு மருந்துகளும் தழும்பு வளரும் வேகத்தைக் குறைக்கும். இருக்கும் தழும்பை அழிக்காது. இவற்றில் எது, எப்போது என்பதை உயர்நுட்ப சிடி ஸ்கேனையும், நுரையீரல் கொள்ளளவு, வாயுப் பரிமாற்ற அளவுகளையும் கையில் வைத்திருக்கும் நுரையீரல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணன் மகனுக்கு இந்த எண்ணை வைத்து எந்த மரபணுப் பரிசோதனையும் இப்போது தேவையில்லை. அப்பாவிடம் பரம்பரைக் காரணம் உறுதியானால், முதலில் உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் ஆலோசனை தருவார்கள். குழந்தையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். அதுவரை அவனுக்கு வேண்டியது, குறைமாதத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய கண், காது, வளர்ச்சிப் பரிசோதனைகளும், தடுப்பூசிகளும், புகை படாத வீடும்.